தனிக் குவாண்டம் புள்ளியை மைக்ரோ தூணுக்குள் ஒளியோடு பிணைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

காலியம் ஆர்சனைடுக்குள் புதைந்திருக்கும் ஒரு குவாண்டம் புள்ளி (மிகச் சிறிய குறைக்கடத்தித் தீவு) ஃபோட்டானை வெளியிடுகிறது. ஆனால் அந்தப் பொருளின் ஒளிவிலகல் எண் சுமார் 3.5. அதனால் ஒளியில் பெரும்பங்கு முழு அக எதிரொளிப்பால் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. 100 ஃபோட்டானில் சுமார் 2 மட்டுமே மேற்பரப்பு வழியாகத் தப்பும். புள்ளியைச் சுற்றி ஒரு கேவிட்டி, அதாவது கண்ணாடிகளுக்கு இடையே ஒளியைச் சிறைப்பிடிக்கும் அமைப்பு, கட்டினால் இந்த நிலை மாறும். புள்ளி வேகமாக ஒளிரும், ஒளியும் நாம் விரும்பும் திசையில் வரும்.

இந்த வழிகாட்டி ஒரே அமைப்பைப் பற்றியது: 930 நானோமீட்டர் அருகே ஒளிரும் இண்டியம் ஆர்சனைடு புள்ளியும், அதைச் சுற்றிச் செதுக்கிய, கேவிட்டியாக வேலை செய்யும் மைக்ரோ தூணும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் "கியூ எவ்வளவு கூட்டலாம்?" (கியூ என்பது ஒளி கேவிட்டிக்குள் எவ்வளவு நேரம் தங்கும் என்பதைச் சொல்லும் எண்) என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறார்கள். பல மாத உழைப்பு வீணாவது அங்கேதான். முதலில் அளக்க வேண்டியது புள்ளியை. கேவிட்டி அதற்கு அப்புறம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வேஃபர் (குறைக்கடத்தித் தட்டு): கீழே ஒரு பிராக் கண்ணாடி, மேலே ஒரு பிராக் கண்ணாடி, நடுவில் ஓர் அலைநீளத் தடிமனுள்ள காலியம் ஆர்சனைடு. கண்ணாடிகள் காலியம் ஆர்சனைடும் அலுமினியம் ஆர்சனைடும் மாறிமாறி வரும் கால் அலைநீள அடுக்குகள். மேல் கண்ணாடியில் அடுக்குகள் குறைவாக இருக்க வேண்டும். இரண்டும் சமமாக இருந்தால் பாதி ஒளி அடித்தளத்துக்குள் போய் மறைந்துவிடும்.

புள்ளிகளின் அடர்த்தியை வேஃபர் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். 2.5 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள தூணின் பரப்பு ஏறக்குறைய 5 சதுர மைக்ரோமீட்டர். சதுர மைக்ரோமீட்டருக்குப் பத்து இருபது புள்ளிகள் இருந்தால் ஒரே தூணில் நூறு புள்ளிகள் வரை நெருக்கியடிக்கும். அதன் பிறகு "தனி" என்ற சொல்லுக்கே இடமில்லை.

4 கெல்வின் வரை இறங்கி, 50 கெல்வின் வரை வெப்பநிலையை நிலையாகப் பிடித்து வைக்கக்கூடிய க்ரையோஸ்டாட் வேண்டும். சுமார் 80 மெகாஹெர்ட்ஸில் துடிக்கும் டைட்டானியம் சஃபையர் லேசர், 0.03 நானோமீட்டரைப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரோமீட்டர், ஒற்றை ஃபோட்டான் டிடெக்டர் இரண்டு, அவற்றின் நேரத்தைப் பதியும் மின்னணுக் கருவி ஆகியவையும் தேவை.

டிடெக்டரில் மட்டும் கை இறுக்கம் காட்டாதீர்கள். வழக்கமான சிலிக்கான் டிடெக்டரின் நேரத் தடுமாற்றம் (ஃபோட்டான் வந்த நேரத்தைப் பதிவதில் வரும் பிழை) 350 பிக்கோ விநாடி அளவில் இருக்கும். நாம் அளக்கப் போகும் ஆயுட்காலம் (புள்ளி தூண்டப்பட்ட பின் ஒளிரும்வரை ஆகும் சராசரி நேரம்) 100 பிக்கோ விநாடிக்கும் கீழே போகலாம். அந்த டிடெக்டரை வைத்து அளந்தால் உங்களுக்குத் தெரிவது டிடெக்டரின் குணம்தான், புள்ளியின் குணம் அல்ல. மீகடத்தி நானோகம்பி டிடெக்டர் கிடைத்தால் அதுவே சரி; தடுமாற்றம் சில பத்து பிக்கோ விநாடிதான். 930 நானோமீட்டரில் சிலிக்கானைவிட அதன் திறனும் நன்றாகவே அதிகம்.

2. காகிதத்தில் கணக்கைப் போடுங்கள்

கேவிட்டி இருப்பதால் ஒளிர்வு எத்தனை மடங்கு வேகமாகும் என்பதைச் சொல்வது பர்செல் காரணி. 3ஐ, பையின் வர்க்கத்தை 4 ஆல் பெருக்கி வருவதால் வகுங்கள், 0.076 கிடைக்கும். அதைக் கியூவால் பெருக்குங்கள். பிறகு கேவிட்டி மோடின் (கேவிட்டிக்குள் ஒளி நிற்கும் அமைப்பின்) பருமனால் வகுங்கள். அந்தப் பருமனைப் பொருளுக்குள் உள்ள அலைநீளத்தின் கனத்தை அலகாக வைத்து எழுத வேண்டும்.

நம் தூணுக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். பொருளுக்குள் அலைநீளம் 930 ஐ 3.5 ஆல் வகுத்தால் 266 நானோமீட்டர். 2.5 மைக்ரோமீட்டர் தூணின் மோடு பருமன் சுமார் 0.7 கன மைக்ரோமீட்டர். நம் அலகில் ஏறக்குறைய 40. கியூ 5000 என்றால் பர்செல் காரணி 10 க்குப் பக்கத்தில் வரும். தனியாக இருக்கும்போது 1 நானோ விநாடி வாழும் புள்ளி, ஒத்திசைவில் (புள்ளியின் அலைநீளமும் கேவிட்டியின் அலைநீளமும் ஒன்றும்போது) 90 பிக்கோ விநாடி அளவுக்கு இறங்கும். கேவிட்டி மோடுக்குள் போகும் பங்கு 11 இல் 10.

இது உச்சவரம்பு. புள்ளி மோடின் நட்டநடுவில், சரியான அலைநீளத்தில், சரியான திசை இருமுனையோடு (ஒளியை உமிழும் மின் ஊசலோடு) இருந்தால் மட்டுமே கிடைக்கும் எண். இனி வரும் ஒவ்வொரு படியும் இந்த 10 இல் எவ்வளவைக் காப்பாற்றுகிறோம் என்பதற்காகத்தான்.

3. புள்ளியின் கோட்டு அகலத்தைக் கேவிட்டியின் அகலத்தோடு ஒப்பிடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

மேலே சொன்ன கணக்கு ஒரு நிபந்தனையோடு வருகிறது: புள்ளியின் கோடு (நிறமாலையில் தெரியும் அதன் உச்சி) கேவிட்டியின் கோட்டைவிடக் குறுகலாக இருக்க வேண்டும். கியூ 5000 என்றால் கேவிட்டியின் அகலம் 0.19 நானோமீட்டர், ஆற்றலில் 270 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட். 4 கெல்வினில் நல்ல புள்ளியின் அகலம் சில மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட் முதல் சில பத்து வரை. எனவே நிபந்தனை தாராளமாக நிறைவேறுகிறது.

இதே தூணை அறை வெப்பநிலைக்குக் கொண்டு வாருங்கள். படிக அதிர்வுகளால் புள்ளியின் கோடு 10 மில்லி எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு விரிந்துவிடும். இப்போது கணக்கில் போட வேண்டியது கேவிட்டியின் கியூ அல்ல, புள்ளியின் கியூ. அதாவது 130 அளவு. அதைப் போட்டால் பர்செல் காரணி 0.25. கேவிட்டியின் கியூவை 5000 இலிருந்து 50,000 ஆக உயர்த்தினாலும் இந்த எண் அசையாது.

அறை வெப்பநிலையில்தான் வேலை செய்தாக வேண்டும் என்றால் கியூவை விட்டுவிட்டுப் பருமனைச் சுருக்குங்கள். தங்கப் படலத்துக்கும் வெள்ளி நானோ கனசதுரத்துக்கும் இடையே 10 நானோமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் உமிழ்வானை வைப்பது ஒரு வழி. அங்கே கியூ மிகச் சிறியது. ஆனால் பருமன் அதைவிட வேகமாகச் சுருங்கிவிடுகிறது. பதிலுக்கு உலோகம் ஒளியின் ஒரு பங்கை வெப்பமாக விழுங்கும். ஆகவே அங்கே ஆயுட்காலம் குறைந்தது என்பதை மட்டும் வைத்து ஒளி கூடியது என்று சொல்லிவிட முடியாது.

புள்ளிக்குப் பதிலாக வைரத்தின் நைட்ரஜன் வெற்றிட மையத்தை (படிகத்தில் உள்ள, ஒளிரும் ஒரு குறையை) எடுப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அதன் ஒளியில் 637 நானோமீட்டர் கோட்டில் வருவது 100 க்குச் சுமார் 3 தான். மிச்சமெல்லாம் அதிர்வுப் பட்டையில் போகிறது. கேவிட்டி வேகப்படுத்துவது அந்த 3 ஐ மட்டுமே. அந்தக் கோட்டுக்கு 10 மடங்கு கிடைத்தாலும் மொத்த ஆயுட்காலம் கால் பங்கு கூடக் குறையாது.

4. தூண் செதுக்கும் முன் புள்ளியின் ஆயுட்காலத்தை எழுதி வையுங்கள்

செதுக்கிய பிறகு இந்த அளவை எடுக்க முடியாது. எத்தனையோ பேர் இதைத் தாண்டிப் போய், கடைசியில் "எதைவிட வேகம்?" என்ற கேள்விக்கு விடையில்லாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

அதே வளர்ப்பில் கிடைத்த, மேல் கண்ணாடி இல்லாத ஒரு துண்டு இருந்தால் மிக நல்லது. அதில் குறைந்தது பத்து புள்ளிகளின் ஆயுட்காலத்தை அளந்து பரவலைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே வேஃபரில்கூட ஒரு புள்ளிக்கும் மறு புள்ளிக்கும் வேறுபாடு இருக்கும். அந்தப் பரவல் தெரியாமல், 0.7 நானோ விநாடி கண்டவுடன் கேவிட்டியின் பயன் என்று கொண்டாடிவிடக் கூடாது.

லேசர் திறனை, ஒளிர்வு நிறைவடையும் அளவில் பத்தில் ஒரு பங்காக வையுங்கள். அதிகமானால் ஒரே புள்ளிக்குள் இரண்டு எக்ஸிட்டான்கள் (எலக்ட்ரானும் துளையும் சேர்ந்த இணைகள்) சேரும். முதலில் ஒன்று போன பிறகுதான் நாம் பார்க்கும் கோடு ஒளிரும்; வளைவின் தொடக்கம் தட்டையாகி, ஆயுட்காலம் நீண்டதாகத் தெரியும்.

5. இடப் பொருத்தம்: புள்ளியைத் தேடி அதன் மேல் தூணைக் கட்டுங்கள்

புள்ளிகள் வளரும்போது எங்கே அமரும் என்பது நம் கையில் இல்லை. ஆயிரம் தூண் செதுக்கி, எதிலாவது நடுவில் ஒரு புள்ளி அமைந்திருக்கிறதா என்று தேடுவது பழைய வழி. அது நடக்கும், ஆனால் தேடுவதிலேயே வாரங்கள் போகும்.

நடுவிலிருந்து விலகினால் எவ்வளவு இழப்பு என்று பாருங்கள். 2.5 மைக்ரோமீட்டர் தூணில் புள்ளி 0.3 மைக்ரோமீட்டர் தள்ளியிருந்தால் பர்செல் காரணியில் சுமார் 83 விழுக்காடு மிஞ்சும். 0.6 மைக்ரோமீட்டர் தள்ளியிருந்தால் பாதிக்கும் குறைவு. தூணில் இவ்வளவு சலுகை இருப்பதே பெரிய நிம்மதி; ஃபோட்டானிக் படிகக் கேவிட்டியில் (நுண்துளை வரிசைகளால் ஆனது) சில பத்து நானோமீட்டருக்கே கணக்கு உதைக்கும்.

நான் பரிந்துரைப்பது இடத்திலேயே எழுதும் லித்தோகிராஃபி, அதாவது ஒளியால் வடிவம் வரையும் முறை. பாரிஸுக்கு அருகே மார்கூசியில் இருந்த ஆய்வுக்குழு 2008 இல் காட்டிய வழி இது. வேஃபர் மேல் ரெசிஸ்ட் (ஒளி பட்டால் மாறும் பூச்சு) பூசி, க்ரையோஸ்டாட்டுக்குள் குளிர்வித்து, ஒரு லேசரால் புள்ளியை ஒளிரச் செய்து அதன் நடுவைக் கண்டுபிடிக்கிறோம். பிறகு மாதிரியை அசைக்காமல் இன்னொரு லேசரால் அதே இடத்தில் வட்டத்தை எழுதுகிறோம். தேடியதும் எழுதியதும் ஒரே ஆப்ஜெக்டிவ் (நுண்ணோக்கி வில்லை) வழியாக என்பதால் 50 நானோமீட்டர் துல்லியம் கிடைக்கிறது.

அந்த வசதி இல்லையென்றால் உலோகக் குறிகளைப் பதித்து, குறியும் புள்ளியும் ஒரே படத்தில் விழும்படி எடுத்து, தூரத்தை அளந்து, பின்னால் எலக்ட்ரான் கற்றையால் எழுதலாம். இதில் அடிக்கடி நடக்கும் பிழை: குறியை ஒரு குவியத்திலும் புள்ளியை வேறொரு குவியத்திலும் படமெடுப்பது. குவியம் மாறும்போது படம் பக்கவாட்டிலும் நகரும்.

6. அலைநீளப் பொருத்தம்: புள்ளியை நீலப் பக்கம் விடுங்கள்

இடம் கிடைத்த பிறகும், எழுதுவதற்கு முன் ஒரு முடிவு எடுக்க வேண்டும்: விட்டம் எவ்வளவு?

தூண் சிறுத்தால் அதன் ஒத்திசைவு நீலப் பக்கம், அதாவது குறுகிய அலைநீளத்துக்கு நகரும். 3 மைக்ரோமீட்டரிலிருந்து 2.5 க்கு வந்தால் நகர்வு சுமார் 1 நானோமீட்டர். 100 நானோமீட்டர் விட்ட மாற்றத்துக்கு 0.2 நானோமீட்டர். கியூ 5000 கேவிட்டியின் முழு அகலமே அவ்வளவுதான் என்பதை நினைவில் வையுங்கள். செதுக்கும்போது விட்டம் 100 நானோமீட்டர் தவறினால் ஒத்திசைவு ஒரு முழு அகலம் தள்ளிப்போகிறது. அதனால் உங்கள் செதுக்கும் கருவி வரைந்ததைவிட எவ்வளவு சிறிதாக்குகிறது என்பதை, புள்ளி பார்க்காத ஒரு சோதனைத் துண்டில் முன்கூட்டியே அளந்துவிடுங்கள்.

மிச்சப் பிழையை வெப்பநிலையால் சரிசெய்வோம். 4 இலிருந்து 40 கெல்வின் வரை சூடாக்கினால் புள்ளியின் கோடு சுமார் 1 மில்லி எலக்ட்ரான் வோல்ட், அதாவது 0.7 நானோமீட்டர் அளவுக்குச் சிவப்புப் பக்கம் நகரும். கேவிட்டியும் அதே பக்கம்தான் நகரும். ஆனால் மிக மெதுவாக. எனவே 4 கெல்வினில் புள்ளி கேவிட்டிக்கு நீலப் பக்கம் இருந்தால்தான் சூடாக்கி எட்டிப் பிடிக்க முடியும். சிவப்புப் பக்கம் இருந்துவிட்டால் சூடாக்கச் சூடாக்க விலகித்தான் போகும்.

நான் குறி வைப்பது 20 கெல்வின் அருகே சந்திப்பு. 4 கெல்வினிலேயே சரியாகப் பொருந்திவிட்டால் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு பக்க விலகலை (புள்ளிக்கும் கேவிட்டிக்கும் உள்ள அலைநீள வேறுபாட்டை) மட்டுமே அளக்க முடியும். இரு பக்கமும் இருந்தால்தான் வளைவு முழுமையாகும். 50 கெல்வினுக்கு மேல் சந்திப்பை வைக்காதீர்கள். கோடு அங்கே விரியத் தொடங்கிவிடும்.

7. செதுக்கல்

குளோரின் பிளாஸ்மாவில் நேராக, கீழ்க் கண்ணாடிக்குள்ளும் நன்றாக இறங்கும்வரை செதுக்குங்கள். பக்கச் சுவர் சொரசொரப்பாக இருந்தால் ஒளி பக்கவாட்டில் சிதறும். சிறிய தூணில் பருமன் குறைந்து பர்செல் காரணி அதிகரிக்க வேண்டும். ஆனால் சுவரும் மோடுக்கு நெருங்கி வருவதால் கியூ விழும். 2 முதல் 3 மைக்ரோமீட்டர் வரை பெரும்பாலும் நல்ல சமரசம்.

மேல் வழியாக வெளிவரும் பங்கைக் கணக்கிட, கேவிட்டிக்குள் போகும் பங்கைச் செதுக்கிய தூணின் கியூவால் பெருக்கி, செதுக்காத வேஃபரின் கியூவால் வகுங்கள். 5000 கியூ வேஃபர் தூணானதும் 4500 இல் நின்றால் இழப்பு 10 விழுக்காடு. 20,000 கியூ வேஃபர் 8,000 க்கு இறங்கினால், எண் பெரிதாகத் தெரிந்தாலும் 100 இல் 60 ஃபோட்டான் சுவர் வழியே போய்விட்டது. பெரிய கியூவில் மயங்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

8. குளிர்வித்து, கேவிட்டியைத் தனியாக அளந்து, பிறகு சந்திக்க விடுங்கள்

லேசர் திறனைச் சற்றே உயர்த்தினால் புள்ளிகளின் கோடுகள் நிறைவடைந்து, அவற்றுக்கு அடியில் கேவிட்டியின் அகலமான மேடு எழும். அதன் அகலத்திலிருந்து கியூவை எடுங்கள். அளவுக்கு மீறித் திறனைக் கூட்டினால் தூண் லேசராக மாறத் தொடங்கும். கோடு குறுகி, இல்லாத கியூ தெரியும். முடிந்தால் வெண்ணொளி எதிரொளிப்பிலும் ஒரு முறை சரிபாருங்கள்.

அப்புறம் திறனைக் குறைத்து, 2 கெல்வின் படிகளாக வெப்பநிலையை ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் சில நிமிடம் காத்திருங்கள். தாங்கி விரிவதால் தூண் குவியத்திலிருந்து நகர்ந்துவிடும். மறுபடி குவியப்படுத்தாமல் எடுத்த அளவில் பிரகாசம் குறைந்தால், அது விலகலால் வந்ததா, குவியம் போனதாலா என்று பிரிக்க முடியாது.

9. பிரகாசத்தை நம்பாதீர்கள், ஆயுட்காலத்தை அளங்கள்

கோடுகள் சந்திக்கும் இடத்தில் புள்ளி பளிச்சென்று ஒளிரும். பார்க்க அழகான காட்சி. முதல் முறை பார்த்த மாணவர்களின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் அந்தப் பிரகாசம் பர்செல் விளைவுக்குச் சான்றாகாது.

துடிப்பு லேசரில் ஒரு துடிப்புக்கு அந்தக் கோட்டில் அதிகபட்சம் ஒரு ஃபோட்டான்தான். புள்ளி பத்து மடங்கு வேகமாக ஒளிர்ந்தாலும் எண்ணிக்கை கூடாது. ஒத்திசைவில் எண்ணிக்கை கூடியதற்குக் காரணம், முன்பு பக்கவாட்டில் போன ஒளி இப்போது ஆப்ஜெக்டிவுக்குள் வருவது. வேகம் கூடியதை ஆயுட்காலம் மட்டுமே சொல்லும். குவியம் சற்றுத் தவறினாலும் ஆயுட்காலம் மாறாது என்பது கூடுதல் வசதி.

ஒவ்வொரு வெப்பநிலையிலும் ஆயுட்காலத்தை எடுத்து, சிதைவு வேகத்தை விலகலுக்கு எதிராக வரையுங்கள். மணி வடிவ வளைவு வரும். உண்மையான தேர்வு இங்கேதான்: அந்த வளைவின் அகலம், எட்டாம் படியில் தனியாக அளந்த கேவிட்டி அகலத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனால் நீங்கள் பார்ப்பது பர்செல் விளைவுதான். இரண்டு மடங்கு அகலமாக இருந்தால் வேறு ஏதோ சிதைவு வழி கலந்திருக்கிறது, அல்லது டிடெக்டரின் தடுமாற்றம் உச்சியைத் தட்டையாக்கிவிட்டது.

காரணியை எழுதும்போது எதோடு ஒப்பிட்டீர்கள் என்று சொல்லுங்கள். தூணுக்குள் விலகி நிற்கும் புள்ளியின் ஆயுட்காலம், வெறும் பொருளில் இருப்பதைவிடச் சற்று நீண்டிருக்கலாம். அதை அடிப்படையாக வைத்தால் காரணி ஊதிப்போகும். நான்காம் படியில் எடுத்த அளவு இப்போது கைகொடுக்கும்.

லேசர் 780 நானோமீட்டரில் இருந்தால் இன்னொரு தடை. மின்னூட்டங்கள் பொருளில் உருவாகி, புள்ளிக்குள் இறங்கி அமரவே பல பத்து பிக்கோ விநாடி ஆகும். அதைவிட வேகமான ஒளிர்வை அந்த லேசரால் காட்ட முடியாது. புள்ளியின் அடுத்த மட்டத்துக்கோ நேராக அதே கோட்டுக்கோ லேசரை மாற்றுங்கள். அதே கோட்டில் தூண்டினால், எதிரொளித்து வரும் லேசரைக் குறுக்குத் துருவமுனைப்பால் தடுக்க வேண்டும். வட்டத் தூணில் அதற்கு விலை பாதி ஃபோட்டான்.

10. ஒற்றைதானா என்று சரிபாருங்கள்

பாதிக்குப் பாதி பிரிக்கும் ஒளிப்பிரிப்பானுக்குப் பின்னால் இரு டிடெக்டர்களை வைத்து, ஒரே துடிப்பில் இரண்டிலும் எவ்வளவு தடவை ஒலிக்கிறது என்று எண்ணுங்கள். இரு ஒலிகளுக்கும் இடையே உள்ள நேர வேறுபாட்டை வரைந்தால் துடிப்புக்கு ஓர் உச்சி வரும்; பக்கத்து உச்சிகளோடு ஒப்பிட்டால் நடு உச்சி 0.5 க்குக் கீழே இருக்க வேண்டும். நல்ல மாதிரியில் 0.05 க்கும் கீழே போகும்.

விலகலில் 0.05 இருந்த எண், ஒத்திசைவில் 0.2 ஆக ஏறுவதைக் கண்டு பலர் கலங்குவார்கள். இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, அதே தூணில் உள்ள வேறு புள்ளிகள் அலைநீளம் பொருந்தாமலே கேவிட்டி வழியாக ஒளியைக் கொட்டுகின்றன. ஒத்திசைவில் அவை உங்கள் வடிகட்டிக்குள் நேராக வந்துவிடுகின்றன. மற்றொன்று, புள்ளி இப்போது மிக வேகமானது. ஒரு ஃபோட்டானை வெளியிட்டு முடித்தபோதும் சுற்றிலும் மின்னூட்டங்கள் மிஞ்சியிருந்தால், அதே துடிப்பில் இன்னொன்றைப் பிடித்து மறுபடி ஒளிரும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: 780 நானோமீட்டர் லேசரைக் கைவிட்டு, புள்ளியின் கோட்டிலேயே தூண்டுவது. பின்னணியைக் கழித்து எண்ணை அழகாக்காதீர்கள். கழிக்காத எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.

11. வலுப்பிணைப்பு வேண்டுமா?

வலுப்பிணைப்பு என்பது புள்ளியும் கேவிட்டியும் ஒரே ஃபோட்டானை மாறிமாறிப் பரிமாறிக்கொள்ளும் நிலை. நம் தூணில் புள்ளிக்கும் மோடுக்கும் உள்ள பிணைப்பு வலிமை சுமார் 20 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட். கோடு இரண்டாகப் பிளக்க வேண்டுமானால், இது கேவிட்டி அகலத்தில் கால் பங்கைத் தாண்ட வேண்டும். 270 இன் கால் பங்கு 67. நாம் வெகு தொலைவில் இருக்கிறோம். இதே புள்ளி, இதே பருமன் என்றால் கியூ 16,000 ஐத் தாண்டியாக வேண்டும். இருமுனை வலிமை அதிகமுள்ள பெரிய புள்ளிகளைத் தேர்ந்தால் கொஞ்சம் குறைவான கியூவும் போதும்.

ஆனால் தேவை ஒற்றை ஃபோட்டான் மூலம் மட்டும் என்றால் அங்கே போகாதீர்கள். ஃபோட்டான் வெளியே வர வேண்டும். வலுப்பிணைப்பில் அது வெளியேறுவதற்கு முன் புள்ளிக்கே திரும்பிப் போகும். உயர்ந்த கியூவோடு விலகலைக் கையால் சரிசெய்யும் வசதியும் வேண்டும் என்பவர்களுக்குத் தூணைவிடத் திறந்த கேவிட்டி பொருத்தம்: கீழே வேஃபர், மேலே நகர்த்தக்கூடிய குழிக் கண்ணாடி. பாசல் பல்கலைக்கழகத்தில் 2019 இல் இந்த அமைப்பில் ஒற்றைப் புள்ளியோடு வலுப்பிணைப்பையும், 2021 இல் இதே வகை அமைப்பில் 100 துடிப்புக்கு 57 ஃபோட்டான் வரை தரும் மூலத்தையும் காட்டினார்கள்.

அதற்கு இறங்கும் முன் க்ரையோஸ்டாட்டின் அதிர்வை அளந்துவிடுங்கள். கண்ணாடிகளின் ஃபினெஸ் (ஒளி அவற்றுக்கு இடையே எத்தனை முறை போய் வரும் என்பதை அளக்கும் எண்) 5000 என்றால், இடைவெளி 93 பிக்கோமீட்டர் மாறினாலே ஒத்திசைவு ஒரு முழு அகலம் நகர்ந்துவிடும்; அது ஓர் அணுவின் விட்டத்தளவு. பம்ப் ஓடும்போதும் நின்றிருக்கும்போதும் தனித்தனியாக அளங்கள். ஓடும்போது எடுத்த அளவு 30 பிக்கோமீட்டருக்கு மேல் இருந்தால், கண்ணாடிக்குப் பணம் கொடுக்கும் முன் அதிர்வுத் தாங்கியை வாங்குங்கள்.